பசுமைக் கழிவுத் தொழில்: எடை போட்டுக் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறோம்

என் சித்தி ஓர் ஊராட்சியில் தூய்மைக் காவலர். செஞ்சி வட்டாரத்தில்தான். ஊர்ப் பெயரை எழுதினால் அவருக்கு வேலை போகும் என்பதால் எழுதவில்லை. அவருடைய மகன் வேளாண்மைப் பட்டம் படித்தவன், எனக்கு ஏழு வயது இளையவன். இரண்டு வருடம் உர விற்பனைப் பிரதிநிதியாக மோட்டார் சைக்கிளில் அலைந்துவிட்டு, சொந்தமாகத் தொழில் தொடங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பசுமைக் கழிவை வாங்கி உரமாக்கி விற்பதுதான் தொழில்.

சென்ற மாதம் தளவானூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் மகனும் போட்ட சண்டையை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி ஒரு நோட்டில் கணக்கெழுதி வைத்திருந்தான். செஞ்சி காய்கறிக் கடைகளின் கழிவு, கல்யாண மண்டபங்களின் வாழையிலை, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம் முடிந்து மலையாய்க் குவியும் எலுமிச்சை மாலையும் வேப்பிலையும், தென்னை மட்டை, மல்லாட்டைத் தோல், வயலிலேயே கொளுத்தப்படும் கரும்புச் சோகை. இத்தனையும் இந்த வட்டாரத்தில் தினமும் எரிகிறது அல்லது ஏரிக்கரையில் அழுகுகிறது. "எல்லாமே காசுண்ணே" என்றான் என்னிடம்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துத்தான் சொன்னார்: "நீ அள்ளக் கூடாதுன்னுதாண்டா நான் அள்ளுறேன். படிச்சிட்டு வந்து நீயும் அதுக்கே வரியா?"

இந்தக் கேள்விக்கு எடுத்த எடுப்பில் பதில் சொல்லிவிடுகிற தோழர்கள் நம்மில் இருக்கிறார்கள். ஒரு பக்கம், குலத்தொழிலை உதறு என்பார்கள். இன்னொரு பக்கம், தொழிலில் தீட்டு ஏது, முதலாளி ஆகு என்பார்கள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சித்தியின் பக்கம். கையால் மலம் அள்ளுவோராகக் கண்டறியப்பட்டவர்களில் சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்று ஒன்றிய அரசே 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். எந்தத் தேர்வும் எந்த நேர்காணலும் இந்தத் துல்லியத்தோடு ஆள் எடுக்காது. 2023 செப்டம்பரில் வந்த விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைப் பட்டியலிட்டுக் கடனும் பயிற்சியும் தருகிறது. அதைக் குலக்கல்வியின் மறுவடிவம் என்று தமிழ்நாடு எதிர்த்தது, 1953-ல் ராஜாஜியின் திட்டத்தை எதிர்த்ததைப் போல. அந்த 18 தொழில்களில் துப்புரவு கிடையாது. இந்த நாட்டில் மிகக் கறாராகப் பிறப்பால் கைமாறும் தொழில் அதுதான், ஆனாலும் அதை 'மரபுத் தொழில்' என்று எழுத அவர்களுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது.

காந்தி 1936-ல் தம் அரிஜன் இதழில் இலட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். அந்த வேலையைப் புனிதமாக்கிய எழுத்து அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் மாநகராட்சித் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தார். ஒருவர் வேலைக்கு மாலை போட்டார், இன்னொருவர் கூலியைக் கேட்டார். நம் பாதை எதுவென்பதில் நமக்குக் குழப்பமில்லை.

ஆனால் சித்தியின் கேள்வியை நான் இன்னொரு பழைய வழக்கோடு சேர்த்துப் பார்க்கிறேன். மராட்டியத்தில் மகர்களுக்கு 'வதன்' என்று ஒன்று இருந்தது. ஊர் வேலைகளைப் பரம்பரையாகச் செய்ய வேண்டும், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் நிலம், ஊரிடமிருந்து தானியம். நம்மூர் வெட்டியான் மானியத்தின் உடன்பிறப்பு. நிலமே இல்லாத மக்களுக்கு அந்தத் துண்டு நிலம் பெரிதாகத் தெரிந்தது. அம்பேத்கர் 1928-ல் பம்பாய் சட்டசபையில் அந்த முறையை மாற்ற மசோதா கொண்டுவந்தபோது, இருப்பதையும் கெடுக்கிறாரே என்று நினைத்தவர்கள் சொந்தச் சமூகத்திலேயே இருந்தார்கள். அவருக்கு நிலத்தின் மீது கோபமில்லை. அந்த நிலத்தை ஒரு கயிறாக்கி, வேலையை மறுக்க முடியாதபடி மனிதரைக் கட்டியதன் மீதுதான் கோபம். எந்நேரமும் கூப்பிடலாம், கூலி பேச முடியாது, விலக முடியாது. வதனின் உள்ளடக்கம் இந்த மூன்றும்தான்.

அப்படியானால் தம்பியின் தொழிலிடம் கேட்க வேண்டியதும் இந்த மூன்றுதான். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விலையை அவன் சொல்ல முடியுமா? விட்டுவிட்டுப் போக முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது வணிகம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், வண்டியில் பச்சை வண்ணம் அடித்த வெட்டியான் மானியம்.

1956 அக்டோபர் 15 அன்று, பௌத்தம் ஏற்ற மறுநாள், நாக்பூரில் அம்பேத்கர் ஒரு பழைய கதையைச் சொன்னார். செத்த மாட்டைத் தூக்காதீர்கள் என்று அவர் சொன்னதற்கு, தோல், கொம்பு, எலும்பு எல்லாம் விற்றால் வருடத்துக்கு ஐந்நூறு ரூபாய் வருமே, அம்பேத்கர் அதைக் கெடுக்கிறாரே என்று ஒரு பார்ப்பனர் கேசரி பத்திரிகையில் எழுதினாராம். அவ்வளவு லாபமென்றால் நீங்களே தூக்குங்கள், அந்த ஐந்நூறுக்கு மேல் நான் இன்னொரு ஐந்நூறு தருகிறேன் என்று அண்ணல் பதில் சொன்னார். யாரும் வரவில்லை.

இன்று அந்தச் சவாலை விட்டால் வரிசையில் நிற்பார்கள். இதைத்தான் நம் தோழர்கள் பலர் இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. 1956-ல் கழிவில் பணம் இருந்தது, ஆனால் தொட்டால்தான் கிடைக்கும். இன்று தொடாமலே கிடைக்கிறது. டெண்டர் எடுக்க ஓர் அலுவலகம், லாரி வாங்க ஒரு வங்கி, அள்ளுவதற்கு நாம். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால், இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் உட்கார்ந்தார்களே, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்களே, அப்போது நாம் பார்த்தது என்ன? குப்பை ஒரு சொத்தாகிவிட்டது. சொத்து மேலே போய்விட்டது, அள்ளும் கைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இந்த நிலையில் 'அந்தத் தொழிலே வேண்டாம்' என்று நாம் மட்டும் ஒதுங்குவது, கைகளை விடுவிக்காது. இலாபத்தை மட்டும் முழுமையாக அவர்களிடம் விட்டுவிடும்.

ஆகவே தம்பியின் நோட்டைத் திறந்து பார்த்தேன்.

வேலையின் நுணுக்கம் பெரிய இரகசியமல்ல. காய்ந்தது, பச்சை இரண்டும் சரியாகக் கலக்க வேண்டும். வைக்கோலில் கரி அதிகம், தழைச்சத்து குறைவு. காய்கறிக் கழிவில் தலைகீழ். தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வருமாறு அடுக்கினால் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யும். பச்சை கூடினால் நாறும், காய்ந்தது கூடினால் அப்படியே கிடக்கும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும், ஒழுகக் கூடாது. குவியலின் நடுவில் சூடு 55 பாகைக்கு மேல் ஏறிச் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க் கிருமியும் சாகும். இரும்புக் கம்பியை நடுவில் செருகி வைத்து, இழுத்துத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும் என்பது தம்பியின் கணக்கு. சூடு இறங்கினால் புரட்ட வேண்டும். தென்னை மட்டையும் வாழைத்தண்டும் துண்டாக்கும் இயந்திரம் இல்லாமல் மட்காது. பூமாலையில் நைலான் நூல் இருக்கும், அதைப் பிரிப்பதற்குள் நாள் போய்விடும். எலுமிச்சையை மட்டும் குவித்தால் புளிப்பு ஏறி மட்குவது தாமதமாகும், சாணமும் காய்ந்த இலையும் தாராளமாகச் சேர்க்க வேண்டும்.

ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூரில் இந்த முறையை ஒழுங்குபடுத்தி, யஷ்வந்த் வாட் என்பவரோடு சேர்ந்து 1931-ல் புத்தகமாக்கினார். உலகம் அதை 'இந்தூர் முறை' என்கிறது. இயற்கை வேளாண்மை பேசும் நண்பர்கள் ஹோவர்டு பெயரை மரியாதையோடு சொல்வார்கள். எருக்குழி வெட்டி, சுமந்து, புரட்டிய சாதிகளின் அறிவு அந்தப் பேச்சில் வருவதே இல்லை. எங்கள் ஊர்க் குகைக்கோயிலுக்கும் சத்துருமல்லன் என்று மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்தான், உளி பிடித்தவன் பெயரல்ல. இருக்கட்டும், வேறு பேச்சு.

இனி வரவு செலவு. இது தம்பி போட்ட மாதிரிக் கணக்கு, எங்கும் எடுத்த புள்ளிவிவரம் அல்ல. நாளைக்கு ஒரு டன் வீதம் மாதம் 26 டன் கழிவு. மட்கிச் சலித்தால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நிற்கும், 8 டன் என்று வைப்போம். கிலோ 6 ரூபாய்க்குப் போனால் 48,000 ரூபாய். மூன்று பேருக்கு நாள் கூலி 500 வீதம் 39,000. டீசல், மின்சாரம், சாக்கு, இயந்திரத்தின் பிளேடு எல்லாம் 12,000. எட்டு லட்சம் கடன் வாங்கினால் ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 17,400. ஆக செலவு 68,400. மாதம் 20,400 ரூபாய் நட்டம். இதில் அவனுக்குச் சம்பளம் இல்லை. முதல் மூட்டை வெளியே வர இரண்டரை, மூன்று மாதம் ஆகும், அதுவரை கொடுக்க வேண்டிய கூலி மட்டும் 1,17,000.

இந்தத் தொழிலைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்கள் எல்லாரும் 'குப்பை இலவசம், உரம் காசு' என்கிறார்கள். கணக்கு வேறு சொல்கிறது. உரத்தில் இலாபம் இல்லை. கழிவை ஏற்றுக்கொள்வதற்கான கட்டணத்தில்தான் தொழில் நிற்கும். மண்டபக்காரரும் மார்க்கெட்டும் கோயிலும் கிலோவுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் மாதம் 26,000 வரும், நட்டம் 5,600 ரூபாய் உபரியாக மாறும். ஒன்றரை ரூபாய் கொடுத்தால் தம்பி சம்பளம் எடுக்கலாம்.

ஒரு ரூபாய் பெரிய தொகையா? ஒரு கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அலங்காரம் மறுநாள் காலையில் கழிவாகும். அதை எடுத்துப் போக ஒரு ரூபாய் என்றால் முகம் மாறுகிறது. தம்பி இரண்டு மண்டபங்களில் கேட்டுப் பார்த்தான். 'நீங்கதானப்பா எங்களுக்குக் குடுக்கணும், சும்மா எடுத்துக்கிட்டுப் போறீங்களே' என்றார் ஒருவர். இன்னொருவர், சாப்பாடு மிச்சமிருந்தால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது பதிலை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை.

கழிவை அகற்றுவதற்கு ஒரு விலை உண்டு என்ற எண்ணமே நம் சமூகத்தில் உருவாகவில்லை. ஏன் உருவாக வேண்டும்? ஆயிரம் ஆண்டுகளாக அதன் செலவைச் சேரி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவில் கழிவைக் கொட்டுகிறவர் டன் கணக்கில் கட்டணம் கட்டுகிறார், அதனால் அங்கே மறுசுழற்சி ஒரு தொழில். இங்கே அந்தக் கட்டணத்தின் இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கிறது. தூய்மைக் காவலர்களின் மாத மதிப்பூதியம் 3,600 ரூபாயாக இருந்து 5,000 ஆனது. 'ஊதியம்' என்றுகூட எழுதுவதில்லை, 'மதிப்பூதியம்'. என் ஆய்வுத் துறையில் இதை மறைமுக மானியம் என்று சொல்லலாம், ஊருக்குச் சேரி கொடுக்கும் மானியம். பசுமைக் கழிவு வணிகம் இந்த ஊரில் ஓடாததற்குக் காரணம் தொழில்நுட்பமோ சந்தையோ இல்லை. எடுத்த எடுப்பிலேயே இன்னொரு ஆள் இலவசமாக அள்ளுகிறார், அந்த ஆள் என் சித்தி. மகனின் தொழிலுக்கு முதல் போட்டி அம்மாவின் குறைகூலி.

கட்டணம் வாங்கிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். புனேயில் 1993-ல் குப்பை பொறுக்குவோர் சங்கம் கட்டினார்கள், பெரும்பாலும் தலித் பெண்கள். அந்தச் சங்கத்தின் வழியே 2008-ல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. வீடுகள் மாதக் கட்டணத்தை நேரடியாக அந்தப் பெண்களிடம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் நிறுவனங்களுக்குக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சு எழும், அவர்கள் மீண்டும் தெருவுக்கு வருவார்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ வழியாக ஹரித கர்ம சேனை வீடு வீடாகக் கட்டணம் வாங்குகிறது. முதலில் பலர் கொடுக்க மறுத்தார்கள். 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பாக்கி வைத்தால் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கலாம் என்றாக்கினார்கள். அந்தச் சேனையில் சாதி பார்த்து ஆள் எடுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நம்மிடமும் திடக்கழிவு விதிகளில் பயன்பாட்டுக் கட்டணம் இருக்கிறது, இலை தழையை எரிக்கக் கூடாது என்றும் இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது.

அடுத்தது இடம். நாளைக்கு ஒரு டன் கையாள, குவியல், புரட்டும் இடம், காயும் இடம், கிட்டங்கி என்று அரை ஏக்கராவது வேண்டும். செஞ்சியைச் சுற்றிச் சேரியில் யாரிடம் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது? 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்தப் பஞ்சமி நிலத்தைக் கேட்டுத்தான் 1994-ல் காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்றைய பசுமைத் தொழில் பேச்சில் இந்த நிலம் வருவதில்லை. வர வேண்டும். மட்கிய உரக் கிடங்கு அமைக்க இடமில்லை என்று சொல்லும் வருவாய்த் துறை, அந்தந்த வட்டத்தில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இப்போது யார் கையில் என்று பட்டியல் ஒட்டட்டும். அதிலிருந்து குத்தகைக்கு இடம் கேட்போம்.

ஊராட்சி தானாகவே கொடுக்க முன்வந்த இடம் ஒன்று உண்டு. காலனிக்கு ஒட்டி, சுடுகாட்டுப் பாதையில். கொடுங்கையூர் எதற்கு வடசென்னையில் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒவ்வொரு கிராமத்திலும் குட்டிக் கொடுங்கையூர் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். தம்பி மறுத்துவிட்டான். நல்ல முறையில் நடத்தினால் உரக்கிடங்கு நாறாது என்பது உண்மை. அப்படியானால் அதை ஊர்த் தெரு ஓரமாக வைப்பதில் என்ன தடை என்று அவன் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு முதலீட்டில் 35 விழுக்காடு மானியம், அதிகபட்சம் 1.5 கோடி, வட்டியில் 6 விழுக்காடு தள்ளுபடி. 2023-ல் வந்த நல்ல திட்டம், இதைப் படிக்கும் தோழர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். ஆனால் மானியம் அரசு கொடுப்பது, கடன் வங்கி கொடுப்பது. குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட தொகை வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தம்பி போன வங்கிக் கிளையில் முதல் கேள்வியே, வீட்டுப் பத்திரம் யார் பெயரில் என்பதுதான். நத்தம் புறம்போக்கில் கட்டிய தொகுப்பு வீட்டுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? இரண்டாவது தடவை விதியை அச்செடுத்துக் கொண்டுபோனான். மேலாளர் விடுப்பில் இருந்தார்.

மூட்டையின் மேல் என்ன பெயர் போடுவது என்பதில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். அவனுக்கு நீல நிறச் சாக்கு வேண்டும், 'பீம்' என்ற பெயர் வேண்டும். அவனுடைய பழைய நிறுவன நண்பர், 'பசுமை', 'பூமி' என்று ஏதாவது போடு, எவன் வாங்குவான் என்றாராம். அம்பேத்கரே அமெரிக்கா, இலண்டன் படிப்புக்குப் பிறகு பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கி, அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோய் மூடினார். நூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று ஒதுக்க முடியவில்லை. சேரி மாட்டுச் சாணம் ஊர் வயலுக்குப் போகும்போது தீட்டில்லை. அதுவே பெயர் போட்ட சாக்கில், விலை ஒட்டி, கடை அலமாரியில் நின்றால் தீட்டாகிறது. பொருளில் இருந்ததில்லை தீட்டு, விலை சொல்லும் உரிமையில் இருக்கிறது. நான் பீம் என்றே போடச் சொன்னேன். ஆனால் கடன் தவணை கட்டப்போவது நானல்ல, உதவித்தொகையில் வாழும் ஆய்வாளனுக்கு வீரம் பேசுவது எளிது. முடிவை அவனிடம் விட்டுவிட்டேன்.

என் பெரிய கருத்து வேறுபாடு இன்னொரு இடத்தில் வந்தது. நோட்டில் 500 ரூபாய்க் கூலியைச் சுற்றி வட்டம் போட்டு, 'குறைக்கலாம்' என்று எழுதியிருந்தான். எப்படி என்று கேட்டேன். "இருளர் ஆளுங்கள குடும்பத்தோட கூப்டா கம்மியா வருவாங்கண்ணே, அங்கயே தங்கிக்குவாங்க." சாதாரணமாகத்தான் சொன்னான். இந்த மாவட்டத்தில் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமைகளாக இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். அவர்களை வைத்திருந்தவர்களும் இதே சொற்களைத்தான் சொல்லியிருப்பார்கள்: கம்மியா வருவாங்க, அங்கயே தங்கிக்குவாங்க. நான் கோபப்பட்டேன். அவனும் கோபப்பட்டான், 'அப்ப நான் மட்டும் காந்தியா இருக்கணுமா, மத்த முதலாளிக்கு இல்லாத சட்டம் எனக்கு எதுக்கு' என்றான்.

நேர்மையான கேள்விதான். 2005-ல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் தொழில் வணிகக் கூட்டமைப்பைத் தொடங்கியபோது, வேலை கேட்பவராக இல்லாமல் வேலை கொடுப்பவராக ஆவோம் என்றார்கள். அந்த ஆசையை நான் கேலி செய்யமாட்டேன். ஒரு தலித் இளைஞனை மட்டும் இலாபமே பார்க்காத துறவியாக இருக்கச் சொல்வதும் ஒரு வகைச் சாதி எதிர்பார்ப்புதான். ஆனால் சித்தியின் குறைகூலிதான் உன் தொழிலைக் கெடுக்கிறது என்று மேலே கணக்குப் போட்டுக் காட்டினோம். அதே குறைகூலியை இருளர் மேல் வைத்துத் தொழில் நடத்தினால், மானியம் கொடுக்கும் ஆள் மாறுகிறார், அவ்வளவே. கூலியைக் குறைப்பதா, கட்டணத்தை ஏற்றுவதா என்பதில் ஒரு தலித் தொழில்முனைவர் எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதை வைத்துத்தான் அவரை இயக்கத்தின் ஆளா, வெறும் சிறு முதலாளியா என்று நான் பார்ப்பேன். சிறு முதலாளியாக இருப்பது குற்றமில்லை. அதற்கு நீலச் சாக்கு வேண்டாம்.

இயக்கங்களிடம் ஒரு கோரிக்கை. கர்நாடகத்தில் குறிப்பிட்ட தொகை வரையிலான அரசு ஒப்பந்த வேலைகளில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 24.1 விழுக்காடு இட ஒதுக்கீடு சட்டமாகவே இருக்கிறது. சமூகநீதி மாநிலம் என்று பெயர் வாங்கிய நாம் அதைக் கேட்டு ஏன் இன்னும் பெரிய போராட்டம் நடத்தவில்லை? மார்க்கெட், கோயில், பேருந்து நிலையம் ஆகியவற்றின் பசுமைக் கழிவு ஒப்பந்தங்கள் தொகையில் சிறியவை, உள்ளூரில் முடிபவை. பேரூராட்சி அளவில் இவற்றைத் தூய்மைப் பணியாளர் குடும்பங்களின் கூட்டுறவுக்கும் பட்டியல் சாதித் தொழில்முனைவோருக்கும் ஒதுக்கு என்பதிலிருந்து தொடங்கலாம். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்திய இராணுவக் கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, பன்னிரண்டில் தமிழ்நாட்டுக்கு இது ஒன்றுதான். கூட்டம் வரும், விடுதி வரும், குப்பையும் வரும். அந்த ஒப்பந்தம் எந்த நகரத்து நிறுவனத்துக்குப் போகிறது என்று பத்திரிகையில் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவதற்கு முன்னால் பேச வேண்டும். அந்தக் கோட்டை மலைகளில் ஒன்றுக்குச் சக்கிலிதுர்க்கம் என்று பெயர். வழிகாட்டிப் பலகைகள் இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும்தான் கூட்டிப்போகின்றன.

தம்பி இப்போது திட்டத்தை மாற்றியிருக்கிறான். வண்டி வாங்கி வீடு வீடாகப் போவது இல்லை. மண்டபமோ மார்க்கெட்டோ அவர்களே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கிடங்கு வாசலில் எடைமேடை. பிளாஸ்டிக் கலந்திருந்தால் வண்டி திரும்பிப் போகும். கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போக வேண்டும். முதல் வருடம் நாளைக்கு முந்நூறு கிலோகூட வராது என்று அவனுக்கே தெரியும், அதனால் கடனையும் மூன்று லட்சமாகக் குறைத்துவிட்டான், பழைய துண்டாக்கும் இயந்திரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். கூலி 500 என்பதில் இப்போது வட்டம் இல்லை. ஆனால் அடித்தும் விடவில்லை.

அடுத்த கிராம சபையில் வைக்க இரண்டு தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மொத்தமாகக் கழிவு உண்டாக்குவோரிடம் எடை அளவில் கட்டணம் வசூலிப்பது ஒன்று. காலனி ஓரத்துக்கு வெளியே அரை ஏக்கர் ஒதுக்குவது இன்னொன்று. கையெழுத்து வாங்கப் போனபோது ஊர்த் தெருவில் இரண்டு விவசாயிகள் போட்டார்கள், உரம் வீட்டுக்கே வந்து இறக்குவீர்களா என்று கேட்டுக்கொண்டு.

சித்தி தீர்மானத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு எடைமேடையில் யார் உட்காருவது என்று கேட்டார். நீதான் என்றான் தம்பி. அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வருஷம் நடத்திக் காட்டு, அதுவரைக்கும் நான் என் வேலையை விடுறதா இல்லை என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் தள்ளுவண்டியோடு போனார்.